ஒன்பதடிக் கல்லறை

ஜீவரத்தினத்தின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அவருடைய அப்பா அதைவிட ஓரங்குலம் கம்மி. தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்தால் கால் தரையைத் தொடாது என்று சொல்வார்கள். ஆனால் கொள்ளுத்தாத்தா மாசிலாமணி உபதேசியார் மட்டும் ஏழடி ஆள். இதற்கு ஜீவரத்தினம் காட்டும் அத்தாட்சி, திருவண்ணாமலை மிஷன் காம்பவுண்டில் அவர் படுத்திருக்கும் கல்லறை. ஒன்பதடி நீளம். சர்வேயராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவரே டேப் பிடித்து அளந்தது, தப்பாக இருக்க வழியில்லை. அவ்வளவு பெரிய மனிதரின் வம்சம் எப்படி இந்த அளவுக்குச் சுருங்கியது என்று யாராவது கேட்டால், கொள்ளுப்பாட்டி குள்ளம் என்பார். பாவம் அந்த அம்மாள். செத்து நூறு வருஷம் ஆன பிறகும் ஒரு குடும்பத்தின் உயரக் குறைச்சல் மொத்தமும் அவள் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மதில் உண்டு. மதிலுக்கு உள்ளே வெள்ளைக்காரர்கள். காலராவில் போன துரைசாணி, பேர் வைப்பதற்குள் போன குழந்தைகள், இந்த ஊர் வெயிலைத் திட்டிக்கொண்டே செத்த இளம் பாதிரி. மதிலுக்கு வெளியே நம்மவர்கள். பரலோகத்தில் பேதம் கிடையாது என்று தொண்டை வறளப் பிரசங்கம் செய்த, கடல் கடந்து ஒரு குளிர்தேசத்திலிருந்து வந்த மிஷன்காரர்கள், பரலோகம் போகிற வழியில் மட்டும் ஞாபகமாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு உள்ளே இடம் வாங்கிய ஒரே உள்ளூர்க்காரர் மாசிலாமணி உபதேசியார். கல்லறைமேல் எழுத்து கிடையாது. அதனால் என்ன? நீளம் போதாதா?

பாதிரிக்குத் துணையாக வேதம் சொன்னவர் என்பது போக, உபதேசியாருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவர்தான் சபையின் முதற்கனி, அதாவது இந்த ஊரில் மிஷன் கையால் முதன்முதலாக ஞானஸ்நானம் வாங்கியவர். முதற்கனிக் குடும்பத்துக்குச் சில மரியாதைகள் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் யாராவது மாற்றிப் பார்க்கட்டும், தெரியும் சேதி. அறுப்புப் பண்டிகையில் முதல் நெற்கதிர்க் கட்டைப் பீடத்துக்குக் கொண்டுபோவது ஜீவரத்தினம். ஈஸ்டர் காலையில் கல்லறைத் தோட்டத்தில் முதல் மாலை அவருடையது. அவர் போட்டு முடிக்கிறவரை மற்றவர்கள் பெற்ற தாயின் கல்லறைமேல்கூட ஒரு பூவை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆலயத்தில் இடப்பக்கம் முதல் பெஞ்சும் அவருக்குத்தான், மின்விசிறிக்கு நேர் கீழே. எங்கோ ஒரு ஊர்த் திருவிழாவில் யாருக்கு முதல் பரிவட்டம் என்று அடிதடி நடந்த செய்தியைப் பேப்பரில் படித்தால் ஜீவரத்தினம் தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னும் திருந்தல பாரு தனம் இந்த ஜனங்க," என்பார் மனைவியிடம்.

தனம் பதில் சொல்வதில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எல்லா நோய்க்கும் மருந்து கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த மரியாதைகளைப் பார்த்து வயிறெரிந்த ஒரே ஜீவன் ராஜமாணிக்கம். செங்கம் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், சபையின் செயலர், ஜீவரத்தினத்தோடு ஞாயிறு பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்தவர். அவருடைய தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்தின் முதல் வாத்தியார். முதற்கனி பட்டம் வாத்தியாருக்குத்தான் என்பது ராஜமாணிக்கத்தின் கட்சி.

"அது கல்லறையே இல்லய்யா," என்பார் டீக்கடையில் நாலு பேர் கேட்க. "வெள்ளைக்காரன் சாயங்காலத்துல உக்காந்து காத்து வாங்கக் கட்டின மேடை. இவன் வருஷா வருஷம் மேடைக்கு மாலை போட்டுக்கினு இருக்கான்."

இதைக் கேட்ட ஒவ்வொரு முறையும் ஜீவரத்தினத்துக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்று ஜாஸ்தியாகத் தேவைப்பட்டது.

அப்படியிருக்கும்போதுதான் சபைக்கு நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு வந்தது. மலர் போட வேண்டும், மலரில் வரலாறு வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம். ராஜமாணிக்கமே எழுந்து நின்றார்.

"வரலாற்ற நம்ம ரத்தினமே எழுதட்டும். எங்க வேணா போயி தேடட்டும். அவுங்க கொள்ளுத்தாத்தாதான் முதற்கனின்னு ஆதாரம் கொண்டாந்தா, மலர்ல மொதப் பக்கம் அவுருக்கு. இல்லேன்னா வாத்தியாருக்கு. கதிர்க்கட்டு, மொத மாலை எல்லாம் அப்பிடியே கை மாறிடும். இன்னா, சரிதானே?"

எல்லோரும் சரி என்றார்கள். சண்டை என்று வந்தால் சபைக்கு எப்போதும் சரிதான்.

ஜீவரத்தினம் நேராக வீட்டுக்குப் போகவில்லை. கல் அறுக்கும் பட்டறைக்குப் போய், கல்லறைத் தலைமாட்டில் பதிக்க ஒரு கறுப்பு கிரானைட் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தார். ஆராய்ச்சியைத் தொடங்குவதற்கு முன்பே அதன் முடிவைக் கல்லில் வெட்டக் கொடுத்த ஆராய்ச்சியாளர் இந்த மாவட்டத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வாசகத்தையும் அவரே எழுதினார்: "முதற்கனி மாசிலாமணி உபதேசியார். களைப்பறியாமல் ஓடியவர். தன்மேல் வைத்த பாரத்தை முணுமுணுக்காமல் சுமந்தவர். எஜமானின் குரலுக்கு உடனே கீழ்ப்படிந்தவர்."

பிறகு ஆராய்ச்சி. முதலில் ஆலயத்துப் பின்னறையில் இருந்த இரும்பு பீரோ. சாவி யாரிடமும் இல்லை, கடப்பாரையால் நெம்பினார்கள். மேல்தட்டில் கிறிஸ்துமஸ் நாடகத்து ஞானிகளின் தாடிகள். நடுத்தட்டில் ஏரோதின் கிரீடம். அடித்தட்டில்தான் சபையின் நூறு வருஷத்து ஏடுகள், கறையான் அவற்றை முழுதாகப் படித்து முடித்துவிட்டு மண்ணாக வைத்திருந்தது. ஜீவரத்தினம் இரண்டு முறை தும்மினார். உள்ளூர் ஆவணங்கள் ஆய்வு செய்யப்பட்டன என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது சென்னை. ஓர் இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் மிஷன் விட்டுப்போன பெட்டிகள் இருப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். அந்தக் குளிர்பதன அறையில் வினோதினி என்ற பெண் பொறுப்பாளர். கையுறை போட்டுக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற மாதிரி நின்றார். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஜீவரத்தினத்தின் பிரச்சினை பேனா அல்ல, நாக்கு. சர்வே ஆபீசில் விரலை எச்சிலில் தொட்டுப் பக்கம் புரட்டியே ஆயுளைக் கழித்தவர். முதல் புத்தகத்தைத் திறந்ததும் விரல் தானாக வாய்க்குப் போனது.

"சார்! நக்காதீங்க சார்!" என்று அந்தப் பெண் அலறியதில் பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்குள் இது இரண்டு தடவை நடந்தது. அந்தப் பெண் யோசித்தார். ஏடுகள் எல்லாம் அந்தக் குளிர்தேசத்து மொழியில் இருந்தன, இவருக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை, புரியாத பக்கங்களை ஏன் ஈரமாக்க வேண்டும்? கண்ணாடிக் காகித உறையில் போட்ட புகைப்படப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இதை நக்கினாலும் துடைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டியில்தான் ஜீவரத்தினத்தின் பொற்காலம் இருந்தது. ஒரு படத்தில் பின்னால் மலை, முன்னால் மதில், மதிலுக்கு உள்ளே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த நீளக் கல்லறை. அதே கல்லறை. சந்தேகமே இல்லை. அதன் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர், கையில் மம்மட்டியோடு நின்றார். தலைப்பாகைக்கு இரண்டு பக்கமும் காதுகள் கதவு திறந்த மாதிரி வெளியே வந்திருந்தன. ஜீவரத்தினம் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் காதுதான், அப்பாவின் காது, தாத்தாவின் காது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தேடிப்போன கல்லறையும் தேடிப்போன கொள்ளுத்தாத்தாவும் ஒரே படத்தில் கிடைக்கிற பாக்கியம் எந்த ஆராய்ச்சியாளருக்கு வாய்க்கும்?

கும்பல் சேர்ந்து நிற்கிற இன்னொரு படத்தின் ஓரத்தில் மாசிலாமணி என்று தமிழில் பென்சில் எழுத்து இருந்தது. அதையும் சேர்த்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பிரதி வாங்கிக்கொண்டார்.

பஸ் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் முதல் படம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. கீழே அவரே எழுதிய வரி: "முதற்கனியும் அவரது கல்லறையும். மேடை என்று சொன்னவர்கள் பார்க்கட்டும்." ஆமென் என்று ஐம்பது பேர் போட்டார்கள். கைகூப்பின பொம்மைகள், கைதட்டின பொம்மைகள், கண்ணீர் விட்ட பொம்மைகள். போதகர் ஓர் அல்லேலூயா. ராஜமாணிக்கம் பார்த்துவிட்டார் என்பதற்கு நீல அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. எல்லோரும் படித்தவர்கள். ஒரு கலெக்டர் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட், ஒரு கணக்குப் பேராசிரியர், இரண்டு வக்கீல்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தனம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வது அவர் செய்துவந்த வேலை.

"ஏங்க, இந்தக் கல்லறை யாரோடது?"

"கொள்ளுத்தாத்தாவோடது."

"மம்மட்டி வெச்சிக்கினு நிக்கிறவரு?"

"அவுரும் கொள்ளுத்தாத்தாதான். காதப் பாரேன்."

தனம் படத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"அப்போ உள்ள யாருங்க?"

ஜீவரத்தினம், வயசான காலத்தில் சிலர் முன்கூட்டியே கல்லறை கட்டி வைத்துக்கொள்வார்கள் என்றார். கட்டியதும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கமாக இருக்கலாம் என்றார். தனம் படத்தில் அந்த மனிதரின் உயரம் கல்லறை நீளத்தில் பாதிதான் இருந்ததை விரலால் அளந்து காட்டினார். பிறகு மறுபடி பூண்டு உரிக்கப் போனார்.

படத்தின் பின்பக்கம் மிஷன்காரர்களின் மொழியில் ஏதோ எழுதியிருந்தது. அதைப் படிக்க ஆள் வேண்டும். திருவண்ணாமலையில் அதற்கா பஞ்சம்? ரமணாசிரமத்துப் பக்கம் போனால் உலகத்தில் எந்த மொழி பேசுகிறவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வெறுங்காலோடு வெயிலில் கிரிவலம் போய்க் கொப்புளம் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்குத் தனம் முன்பு கட்டுப் போட்டுவிட்டிருந்தார். மிஷன்காரர்கள் வந்த அதே குளிர்தேசத்துக்காரர்தான். மௌனானந்தா என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு காபிக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். ஜீவரத்தினத்தின் அதிர்ஷ்டம், அவர் அப்போது நான்கு வருஷமாக மௌன விரதத்தில் இருந்தார். கழுத்தில் ஒரு சிறு பலகை தொங்கியது. கேட்பதற்கு அதில் எழுதிப் பதில் சொல்வார்.

மௌனானந்தா படத்தின் பின்பக்கத்தைப் படித்தார். ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார். தோள்கள் குலுங்கின. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். நான்கு வருஷமாக அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று மூக்கு வழியாக வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் நான்கு கால் வரைந்தார். ஒரு வால் வரைந்தார்.

"நாயா?" என்றார் ஜீவரத்தினம், குரல் உள்ளே போய்.

மௌனானந்தா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, பலகையில் கழுத்தை நீட்டி வரைந்து பிடரிமயிர் போட்டார்.

பிறகு பொறுமையாக இங்கிலீஷில் முழுதாக எழுதிக் கொடுத்தார். துரையைப் பத்து வருஷம் சுமந்த எங்கள் அன்புக் குதிரை புரூனோ இங்கே உறங்குகிறது. பக்கத்தில் நிற்பவன் குதிரைக்காரன் மாசிலாமணி. மூன்று நாளாகச் சாப்பிட மறுக்கிறான்.

இரண்டாவது படத்தின் பின்பக்கத்தைப் படிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. மாசிலாமணியின் அடக்கம், என்று எழுதிக் கொடுத்தார். இந்த ஊரில் நாங்கள் ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஆள். மதிலுக்கு வெளியே, கிணற்றருகே.

அந்த மாடிப்படியில் ஜீவரத்தினம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. கீழே காபிக் கடையில் யாரோ கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, தாத்தா, அவர், மூன்று தலைமுறை. எத்தனை ஈஸ்டர், எத்தனை மாலை, எவ்வளவு சுண்ணாம்பு! கல்யாணம் ஆன புதிதில் தனத்தை அழைத்துக்கொண்டுபோய் அந்தக் கல்லறையின் முன்னால் முழந்தாள் போட வைத்தது ஞாபகம் வந்தது. பேரன் பிறந்ததும் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அதன்மேல் கிடத்திக் கும்பிட்டதும் ஞாபகம் வந்தது. குதிரைக்கு உள்ளே இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குதிரைக்குப் புல் போட்டுக் குளிப்பாட்டி, அது செத்ததற்குப் பட்டினி கிடந்து அழுதவரை வெளியே போட்டிருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரன்மேல் வந்த கோபம் அது, கொஞ்ச நேரம் சுகமாகவும் இருந்தது. மதிலுக்கு வெளியே கிணற்றருகே இப்போது என்ன இருக்கிறது என்பது ஞாபகம் வருகிறவரைதான் அந்தச் சுகம்.

சபையார் இப்போது அடக்கமாகிற பக்கம் வேறு, கிணற்றருகே இருப்பது வண்டி ஸ்டாண்டு.

கிரிவலப் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் அவ்வளவு பெரிய இடத்தைச் சபை எதற்குச் சும்மா போட்டு வைத்திருக்க வேண்டும்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேனும் பஸ்ஸும் நிறுத்த விட்டால் சபைக்கு வருமானம். சில வருஷங்களுக்கு முன்னால் இந்த யோசனை வந்தபோது ஒன்றிரண்டு பேர், அங்கே பழைய கல்லறைகள் இருக்கிறதே என்று இழுத்தார்கள். எல்லாம் ஏழை எளிய வீட்டு ஜனங்கள், கமிட்டியில் இடம் இல்லாதவர்கள். சர்வேயரே நம்ம சபையில் இருக்கிறார், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. ஜீவரத்தினம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தார். கல்லறைகள் இருந்தன. எழுத்தில்லாத கற்கள், சரிந்த மண்மேடுகள், தலைமாட்டில் நட்ட ஒற்றைக் கருங்கல். அவருடைய ஆட்கள் யாரும் அங்கே இல்லை, அவருடைய ஆள் உள்ளே ஒன்பதடியில் படுத்திருக்கிறார். வெளியே இருக்கிறவர்கள் யாரோ கூலிக்காரர்கள், குதிரைக்காரர்கள். வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினார். மேற்படி இடம் காலியிடம், கற்கள் சிதறிக் கிடக்கின்றன, கல்லறை ஏதும் இல்லை. கையெழுத்து, முத்திரை. மறுவாரம் ஜேசிபி வந்தது.

இரண்டாவது படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனார். பௌர்ணமி இல்லாத நாள், ஓரத்தில் இரண்டு ஆட்டோக்கள் மட்டும் நின்றன. கிணற்றைப் பலகைக்கல் போட்டு மூடி அதன்மேல் ஒரு தகரக் கூண்டு வைத்திருந்தார்கள். படத்தில் கும்பலுக்குப் பின்னால் மலை தெரிந்தது, உச்சிக்குக் கீழே இடப்பக்கம் ஒரு மடிப்பு. சர்வேயருக்கு இந்த ஊரில் பெரிய வசதி அந்த மலைதான், அது இடம் மாறாது. படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னால் போனார், பின்னால் வந்தார், கிணற்றுக்கு ஒதுங்கினார். ஆட்டோக்காரர்கள் செல்ஃபி எடுக்கிற ஆள் என்று நினைத்திருப்பார்கள். ஓரிடத்தில் படத்து மலையும் நிஜ மலையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. காலடியில் பார்த்தார். ஜல்லி, என்ஜின் ஆயில், ஒரு நசுங்கிய தண்ணீர் பாட்டில். ஜீவரத்தினத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

நேராக ராஜமாணிக்கத்தின் டைல்ஸ் கடைக்குப் போனார். மனுஷன் எழுந்து நின்று ஆடப்போகிறான், ஆடட்டும் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். குதிரையையும் சொன்னார், கிணற்றையும் சொன்னார்.

ராஜமாணிக்கம் ஆடவில்லை. கடைப் பையனை டீ வாங்க அனுப்பினார். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"குதிரைன்னு எவன் சொன்னான்?"

"மௌனி சொன்னாரு. எழுதியே குடுத்தாரு."

"பேசாத ஆளு சொன்னத நம்புவியா, எங்கப்பா சொன்னத நம்புவியா? எங்கப்பா சாவும்போது என் கையப் புடிச்சிக்கினு சொன்னாரு. டேய், மாசிலாமணி உபதேசியாரு அந்தப் பெரிய கல்லறையிலதான்டா கீறாருன்னாரு."

ஜீவரத்தினம் அசந்துபோனார். "நீ மேடைன்னு சொன்ன."

"சண்டைக்குச் சொல்றதெல்லாம் கணக்காய்யா? அவுருதான் முதற்கனி. நானே ஒத்துக்கறேன். மொதப் பக்கம், மாலை, கதிர்க்கட்டு, எல்லாம் உனக்கு. போதுமா?"

"கொள்ளுத்தாத்தா வெளிய படுத்திருக்காரு மாணிக்கம். ஸ்டாண்டுல."

"மெதுவா பேசு. அந்தாண்ட கல்லறை இருக்குன்னு வெளிய போச்சின்னு வெய்யி, நாளைக்கே அந்த ஜனங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல குந்திக்குவாங்க. ஸ்டாண்டு போயிடும். ஸ்டாண்டு போச்சின்னா ஆலயத்துக்கு ஓடு மாத்துறது யாரு? சரி, அதெல்லாம் உடு. கல்லறை இல்லன்னு எழுதிக் குடுத்தது யாரு? ரிப்போர்ட்டுல எவன் கையெழுத்து கீது?"

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள்.

ஜீவரத்தினம் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தார். பேசாமல் வந்தது ஒரு முடிவு என்று அவர் அப்போது நினைக்கவில்லை, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வதாகத்தான் நினைத்தார். கிரானைட் கல் தயாராகிவிட்டது என்று பட்டறையில் இருந்து போன் வந்தபோதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். மலரின் முதல் பக்கம் அச்சுக்குப் போனபோதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். முதல் பக்கத்துப் படத்தில் கல்லறை மட்டும் இருந்தது. மம்மட்டியோடு நின்ற மனிதரை அச்சகத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள், பக்கம் அழகாக இருக்க வேண்டுமாம்.

தனத்திடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் ஈஸ்டரும் சித்ரா பௌர்ணமியும் ஒட்டிக்கொண்டு வந்தன. சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஊர் மலையைச் சுற்றியது, ஞாயிறு விடிந்தபோது சபை கல்லறைத் தோட்டத்தில் கூடியது. புதுக் கல்லை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். ராஜமாணிக்கம் பேசினார். அப்படி ஒரு பேச்சை அந்தத் தோட்டம் கேட்டதில்லை. உபதேசியாரின் ஆகிருதி, உபதேசியாரின் குரல், வாத்தியார் தாத்தாவே உபதேசியார் காலடியில் உட்கார்ந்து வேதம் படித்தது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் குரல் தழுதழுத்துக் கைக்குட்டையை எடுத்தார். போதகர் துணியை விலக்கினார். களைப்பறியாமல் ஓடியவர், பாரத்தை முணுமுணுக்காமல் சுமந்தவர், எஜமானின் குரலுக்கு உடனே கீழ்ப்படிந்தவர் என்று எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படித்தார்கள். கல்லில் வெட்டிய ஒவ்வொரு வார்த்தையும் புரூனோவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஜீவரத்தினம் முன்னால் போய் முதல் மாலையைப் போட்டார். குனிந்த தலையை அவர் நிமிர்த்தாததைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்ட மரியாதை அன்றைக்கு முழுசாகக் கிடைத்தது, அதை ஒரு குதிரைக்கு முன்னால் நின்று வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்து மதிலின் மறுபக்கம் இருந்த அவரவர் கல்லறைக்குப் போனதும், தனம் பையில் இருந்து இன்னொரு மாலையை எடுத்தார்.

"இது அவுருக்கு," என்றார். "நீங்க வந்தா சரி. வரலேன்னா நானே போறேன்."

இருவரும் மதிலின் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்கள். ஸ்டாண்டு நிரம்பி வழிந்தது. வண்டிகளுக்கு இடையில் ஜனங்கள் பல் தேய்த்தார்கள், இட்லி சாப்பிட்டார்கள், பாய் விரித்துத் தூங்கினார்கள். தகரக் கூண்டுப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் இருந்து வருகிற பச்சையம்மாள் விசிலை ஊதிக்கொண்டு நின்றாள், ஸ்டாண்டில் வண்டிகளை ஒழுங்குபடுத்துவது அவள் வேலை. ஜீவரத்தினம் மலையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். அந்த இடத்தில் செஞ்சிப் பக்கத்து வேன் ஒன்று நின்றது. டிரைவர் படியில் உட்கார்ந்து தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, வண்டிய கொஞ்சம் முன்ன எடுக்கிறியா?"

"ஏன் சார்? இங்க இன்னா கீது?"

அதற்கான பதில் ஜீவரத்தினத்திடம் தயாராக இருந்தது. ஏற்கெனவே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்த பதில். அது நாக்கு நுனிவரை வந்தது. தனம் அவரைப் பார்க்கவில்லை, கையில் இருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா இருக்காருப்பா," என்றார். ஜல்லியைக் காட்டினார். "அடியில. குதிரைக்காரரு."

கமிட்டிக்கும் சபைக்கும் மலருக்கும் சொல்லாததை முதன்முதலாக ஒரு வேன் டிரைவரிடம் சொன்னார். அந்த ஆள் எழுந்தார். சக்கரத்துக்குக் கீழே பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து அந்த ஜல்லியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தெரியாம நிறுத்திட்டேன் சாமி, மன்னிச்சிக்க," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். யாரையும் எதுவும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து வேனை எடுத்தார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஊர் வந்துவிட்டது என்று எழுந்தார்கள்.

வேன் போன இடத்தில் எண்ணெய்க் கறை படிந்த கொஞ்சம் மண் தெரிந்தது. ஜீவரத்தினம் தனத்திடம் இருந்து மாலையை வாங்கிக்கொண்டு முழந்தாளிட்டார்.

பின்னால் விசில் சத்தம் கேட்டது. கேட்டில் ஒரு பெரிய பஸ் உள்ளே வரக் காத்திருந்தது.

"ஐயா, அந்தாண்ட போங்க, வண்டி வருது!" என்று பச்சையம்மாள் கத்தினாள். பிறகு பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். "வா, வா, அப்படியே வா! லெஃப்ட்ல ஒடி! எடம் காலியாத்தான் கீது, வா!"